பசையைக் கடைசியில் திறங்கள்: பைக்கில் ஹீட்டட் கிரிப் பொருத்துவது எப்படி?

குளிரில் பைக் ஓட்டும்போது முதலில் தோற்றுப்போவது விரல்கள்தான். உடம்புக்கு ஜாக்கெட் இருக்கிறது, கழுத்துக்கு மஃப்ளர் இருக்கிறது. கைகளோ எதிர்க்காற்றை நேராக வாங்கிக்கொண்டு, அசையவும் வழியில்லாமல் ஒரே பிடியில் கிடக்கின்றன. கொஞ்ச தூரம் போனதும் விரல்நுனி மரத்துவிடும். மரத்த விரலுக்கு பிரேக் லீவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாது. கிளட்ச் சட்டென்று விடுபட்டு வண்டி துள்ளும். இன்டிகேட்டரைத் தேடும் கட்டைவிரல் ஹாரனை அமுக்கும். அதனால் இதை வெறும் சொகுசு விஷயமாக நான் பார்ப்பதில்லை.

கிரிப்புக்குள்ளேயே சூட்டுக்கம்பி வைத்து, பேட்டரி மின்சாரத்தில் உள்ளங்கையைச் சூடாக்குவதுதான் ஹீட்டட் கிரிப். ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் பொருத்தித் தருவார்கள். ஆனால் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்து, மல்டிமீட்டரில் வோல்ட் பார்க்கத் தெரிந்த எவரும் ஒரு விடுமுறை நாளில் தாமே முடித்துவிடலாம். வேலை கடினமானதல்ல, வரிசை மாறினால்தான் வம்பு. பலரும் பெட்டியைப் பிரித்த கையோடு பழைய கிரிப்பை அறுத்து, புதியதை ஒட்டிவிடுகிறார்கள். வயர் எங்கே போகும், அது பிரேக் லீவரில் இடிக்குமா என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வருகிறது. ஒட்டிய கிரிப்பைத் திருப்பி வைக்க முடியாது. உரித்தெடுத்தால் உள்ளே இருக்கும் கம்பியும் அறுந்துவிடும். அதனால் இந்தக் கட்டுரையில் பசை கடைசிக்குச் சற்று முன்புதான் வரும்.

வண்டிக்கு இந்தச் சுமை தாங்குமா?

ஒரு ஜோடி கிரிப் முழுச் சூட்டில் ஏறக்குறைய 3 முதல் 4 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 36 முதல் 48 வாட்ஸ். வண்டியில் இன்னொரு ஹெட்லைட்டை மாட்டி, அதை எப்போதும் எரியவிட்டதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய டூரிங் பைக்குகளின் ஆல்டர்னேட்டருக்கு (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் கருவி) இது ஒரு பொருட்டே இல்லை. சிக்கல் சின்ன வண்டிகளில்தான். அவற்றின் ஸ்டேட்டர், அதாவது ஆல்டர்னேட்டரில் மின்சாரம் உருவாகும் சுருள், தரும் மொத்த மின்சாரமே குறைவு. அதிலிருந்து ஹெட்லைட், இக்னிஷன், பெட்ரோல் பம்ப், பேட்டரி சார்ஜ் எல்லாம் போக மீதி இருப்பதில்தான் கிரிப்புக்குப் பங்கு. ஐடிலிங்கில் அந்த மீதியும் இருக்காது. பழைய சின்ன வண்டிகள் சிலவற்றில் இன்னொரு விவகாரமும் உண்டு. ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரியாமல் ஸ்டேட்டரிலிருந்து நேராக ஏசி மின்சாரத்தில் எரியும். பேட்டரிப் பக்கம் வருவது கொஞ்சம்தான். எஞ்சினை ஆன் செய்யாமல் சாவியை மட்டும் போட்டால் ஹெட்லைட் எரியவில்லை, ஐடிலிங்கில் மங்கி, முறுக்கினால் பிரகாசமாகிறது என்றால் உங்கள் வண்டி அந்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் ஹீட்டட் கிரிப் போடுவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

வண்டியின் கையேட்டில் ஆல்டர்னேட்டரின் வாட்ஸ் இருந்தால் கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். அதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. கிரிப் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. 35/35 வாட்ஸ் ஹெட்லைட் பல்ப் ஒன்றை எடுத்து, அதன் ஒரு இழையை ஃபியூஸ் போட்ட வயரால் பேட்டரியில் நேராக இணையுங்கள். கிரிப் இழுக்கும் அளவுக்கு அதுவும் ஏறத்தாழ 3 ஆம்பியர் இழுக்கும். பல்ப் தொட முடியாத அளவுக்குச் சுடும் என்பதால் பிளாஸ்டிக்கிலோ சீட்டிலோ படாமல் இடுக்கியில் பிடித்து வையுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் போட்டு, பேட்டரி முனைகளில் வோல்ட் பாருங்கள். வழக்கமாக ஓட்டும் வேகத்துக்குரிய ஆர்பிஎம்மில் 13.2 வோல்ட்டுக்கு மேல் நின்றால் கவலையில்லை. ஐடிலிங்கில் கொஞ்சம் இறங்கினால் பரவாயில்லை. முறுக்கியும் 12.8-ஐத் தாண்டவில்லை என்றால் பேட்டரி உள்ளே வாங்குவதைவிட வெளியே கொடுப்பதுதான் அதிகம். ஓடும் வரை ஓடும். ஒரு நாள் காலையில் ஸ்டார்ட்டர் முனகும். ஹெட்லைட்டும் டெயில் லேம்ப்பும் பேட்டரியிலிருந்து எரிபவையாக இருந்தால், அவற்றை எல்இடிக்கு மாற்றிக் கொஞ்சம் மின்சாரத்தை மிச்சம்பிடிக்கலாம். அப்படியும் போதவில்லை என்றால் நல்ல கையுறையும், கைக்கு முன்னால் காற்றைத் தடுக்கும் ஹேண்ட்கார்டும்தான் சரி.

எந்த வகை வாங்கலாம்

மூன்று வகை கிடைக்கின்றன. பழைய கிரிப்பை எடுத்துவிட்டு மாட்டும் முழு கிரிப், பழைய கிரிப்புக்கு அடியில் ஒட்டும் மெல்லிய சூட்டுப்பட்டை, இருக்கிற கிரிப்பின் மேலே சுற்றிக் கட்டும் உறை. உறை வகை ஐந்து நிமிட வேலை என்பது உண்மைதான். ஆனால் பிடி தடித்துப்போகும், கை சின்னதாக இருந்தால் லீவர் எட்டாது, ஆக்ஸிலரேட்டர் பக்கம் அது நழுவித் திரும்புவதும் உண்டு. வாடகை வண்டிக்கோ ஒரே ஒரு பயணத்துக்கோ பரவாயில்லை. அடிப்பட்டை வகை மலிவு. பழைய கிரிப்பைக் கிழிக்காமல் கழற்றி மீண்டும் ஏற்றத் தெரிந்திருக்க வேண்டும். புதிதாகச் செய்பவருக்கு நான் சொல்வது முழு கிரிப்தான். கீழே வரும் படிகளும் அதற்கே.

வாங்கும்போது இரண்டு அளவுகள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று ஹேண்டில்பாரின் விட்டம். பெரும்பாலான பைக்குகளில் 22 மி.மீ., குரூஸர் வகைகள் பலவற்றில் 25.4 மி.மீ. மற்றது கிரிப்பின் நீளம். ரப்பர் பகுதியின் நீளத்தை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள், குத்துமதிப்பு வேண்டாம். நீளம் கூடினால் ஹேண்டில்பாரின் முனையில் இருக்கும் பார் எண்ட் எடையில் உரசும். குறைந்தால் இடைவெளி தெரியும், அவ்வளவே. இரண்டுக்கும் நடுவில் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் குறைந்ததையே எடுங்கள்.

கேபிள் இல்லாமல் சென்சாரில் இயங்கும் ஆக்ஸிலரேட்டர் உள்ள வண்டி என்றால் பொதுவான செட் பொருந்தாமல் போகலாம். சிலவற்றில் கிரிப்பும் உள்ளிருக்கும் குழாயும் ஒரே துண்டாக இருக்கும். அந்த மாடலுக்கென்றே விற்கும் செட்டைத் தேடுங்கள்.

பிரிப்பதற்கு முன் பேட்டரியில் கொடுத்துப் பாருங்கள்

செட் வந்ததும் வண்டியைத் தொடாதீர்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டு கிரிப்புகளையும் தனித்தனியே அளவிடுங்கள். பெரும்பாலும் ஒற்றை இலக்க ஓம்தான் காட்டும். முடிவிலி காட்டினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட். இடதுக்கும் வலதுக்கும் சின்ன வித்தியாசம் இருந்தால் பயப்பட வேண்டாம். சில நிறுவனங்கள் வேண்டுமென்றே அப்படிச் சுற்றுகின்றன, காரணம் பின்னால் வரும்.

அடுத்து எல்லா பிளக்குகளையும், சூட்டைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலரில் மாட்டி, தரையிலேயே 12 வோல்ட் பேட்டரியில் இணைத்து ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். இரண்டும் கையில் வெதுவெதுப்பாக ஏற வேண்டும். அதற்கு மேல் விடாதீர்கள். ஹேண்டில்பார் உள்ளே இல்லாதபோது வெப்பம் போக வழியில்லாமல் கிரிப் அளவுக்கு மீறிச் சுடும். இந்த ஒரு நிமிடச் சோதனையைத் தவிர்த்துவிட்டு, ஒட்டிய பிறகு ஒரு பக்கம் சுடவில்லை என்று கண்டுபிடிப்பதைப் போன்ற எரிச்சல் வேறில்லை.

பழைய கிரிப்பைக் கழற்றுதல்

முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள், பிறகு பிளஸ். பிளஸைக் கழற்றும்போது ஸ்பேனர் தவறி ஃபிரேமில் பட்டாலும் பொறி பறக்காமல் இருக்கத்தான் இந்த வரிசை. திரும்ப மாட்டும்போது பிளஸ் முதலில்.

ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் உள்ள பார் எண்ட் எடைகளின் ஸ்குரூவைக் கழற்றுங்கள். இவற்றில் பூட்டுப்பசை போட்டிருப்பார்கள், இறுகிக் கிடக்கும். தலைக்குச் சரியாகப் பொருந்தாத ஸ்குரூடிரைவரால் திருகினால் பள்ளம் வழுக்கிவிடும். ஸ்குரூத் தலையில் கொஞ்ச நேரம் ஹீட்கன்னைக் காட்டினால் பசை இளகும்.

கிரிப்பை எடுக்க, மெல்லிய பிளாஸ்டிக் கம்பி அல்லது முனை மழுங்கிய ஸ்குரூடிரைவரை ரப்பருக்கு அடியில் நுழைத்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கிரிப்பை முறுக்கிக்கொண்டே இழுங்கள். ஆல்கஹால் ஆவியாகிவிடும், பிசுக்கு மிஞ்சாது. எண்ணெய் ஸ்பிரே அடித்தால் சுலபமாக வரும், ஆனால் அந்த எண்ணெயின் மேல் பசை பிடிக்காது. பழைய கிரிப் திரும்பத் தேவையில்லை என்றால் பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்துவிடலாம். வலது பக்கம் கீறும்போது மட்டும் ஆழம் கவனம்; அடியில் இருப்பது பிளாஸ்டிக் குழாய்.

ஆக்ஸிலரேட்டர் குழாய்: நேரம் பிடிக்கும் வேலை இதுதான்

இடது கிரிப் நேராக ஹேண்டில்பாரின் உலோகக் குழாயின் மேல் உட்காருகிறது. வலது கிரிப் ஹேண்டில்பாரின் மேல் சுழலும் பிளாஸ்டிக் குழாயின் மேல் உட்காருகிறது. எனவே வலது கிரிப்பின் உள்விட்டம் இடதைவிடப் பெரியது. எது எந்தப் பக்கம் என்று குழம்பினால் இரண்டையும் கண்ணெதிரே தூக்கிப் பாருங்கள், துளை பெரியது வலது.

வண்டியோடு வந்த பிளாஸ்டிக் குழாய் பெரும்பாலும் வழவழப்பாக இருக்காது. பழைய ரப்பர் நழுவாமல் இருக்க நீளவாக்கில் வரிகளும் குறுக்கே வளையங்களும் அச்சில் வார்த்திருப்பார்கள். ஹீட்டட் கிரிப்பின் உட்பக்கம் கடினமான பிளாஸ்டிக் என்பதால் அந்த வரிகளின் மேல் ஏறாது. சுத்தியால் தட்டி ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள், கிரிப்தான் பிளக்கும்.

கிரிப்பை ஒட்டிச் சுவிட்சுகள் இருக்கும் கூடான சுவிட்ச் ஹவுசிங்கின் ஸ்குரூக்களைக் கழற்றிப் பிரித்தால் குழாயின் விளிம்பில் கேபிளின் குமிழ்கள் மாட்டியிருப்பது தெரியும். பல வண்டிகளில் இரண்டு கேபிள்: ஒன்று திறக்க, ஒன்று மூட. எது எந்தப் பள்ளத்தில் இருந்தது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேபிளை விடுவித்துக் குழாயை உருவி எடுங்கள். இப்போது அரத்தால் பெரிய வரிகளைச் சீவுங்கள், பிறகு உப்புத்தாளை நீளப் பட்டையாகக் கிழித்துக் குழாயைச் சுற்றி இழுத்துத் தேயுங்கள். நாலு இழுப்புக்கு ஒரு தடவை கிரிப்பைப் போட்டுப் பாருங்கள். கையால் அழுத்தினால் முக்கால்வாசி ஏறி, கடைசிப் பகுதியில் சற்று முறுக்கித் தள்ள வேண்டியிருக்கும் நிலைதான் சரியான இறுக்கம். அதைத் தாண்டித் தேய்த்தால் தளர்ந்து, பசையை மட்டுமே நம்ப வேண்டிவரும். குழாயின் சுவரும் மெலிந்துவிடும். இந்த வேலையில் அவசரப்படுபவர்கள்தான் பிறகு புதுக் குழாய் தேடி அலைகிறார்கள்.

சில குழாய்களின் வெளிமுனை மூடியிருக்கும், அல்லது அங்கே ஒரு தடித்த வளையம் இருக்கும். அதையும் சீவ வேண்டியிருக்கலாம். வேலை முடிந்ததும் உள்ளேயும் வெளியேயும் பிளாஸ்டிக் தூளைத் துடைத்தெடுங்கள். உள்ளே ஒரு துகள் தங்கினாலும் ஆக்ஸிலரேட்டர் கரகரக்கும். ஹேண்டில்பாரின் அந்தப் பகுதியையும் துணியால் துடைத்துவிடுங்கள். கிரீஸ் தடவ வேண்டாம், தூசியை இழுத்துப் பசையாக்கிவிடும்.

வயர் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும்

குழாயை மீண்டும் ஹேண்டில்பாரில் மாட்டி, கேபிள்களை இணைத்து, ஹவுசிங்கை மூடுங்கள். பசை இல்லாமல் கிரிப்பை ஏற்றுங்கள். கிரிப்பின் உள்விளிம்பில் ஒரு சின்னப் புடைப்பிலிருந்து வயர் வெளியே வரும். ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது இந்தப் புடைப்பும் சேர்ந்து சுழலும். வழியில் பிரேக் லீவரின் அடிப்பகுதி, பிரேக் ஆயில் டப்பா, ஸ்விட்ச் ஹவுசிங் எல்லாம் இருக்கின்றன.

மூடிய நிலையிலிருந்து முழுமையாகத் திறக்கும் வரை மெதுவாக முறுக்கிப் பாருங்கள். எங்காவது புடைப்பு தொட்டால் கிரிப்பைச் சற்றுத் திருப்பி மறுபடி பாருங்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் ஒரே இடம் கிடையாது. முழுச் சுற்றிலும் எதையும் தொடாத இடம் கிடைத்ததும் குழாய், கிரிப் இரண்டின் மேலும் ஒரே கோடாக வெள்ளை மார்க்கரால் குறியிடுங்கள். பசை போடும்போது யோசிக்க நேரம் இருக்காது, இந்தக் கோடுதான் வழி.

வயருக்குத் தாராளமான வளைவு விட்டு, கேபிள் டையால் ஹேண்டில்பாரில் கட்டுங்கள். முழுமையாக முறுக்கினாலும் வயர் இழுபடக் கூடாது, மூடும்போது மடங்கி எதிலும் சிக்கவும் கூடாது. கிரிப்பின் உள்விளிம்புக்கும் ஹவுசிங்குக்கும் இடையே 1 முதல் 2 மி.மீ. இடைவெளி வையுங்கள், வெளிமுனைக்கும் பார் எண்டுக்கும் இடையிலும் அப்படியே.

இடது பக்கம் இத்தனை தொல்லை இல்லை. கிளட்ச் லீவரை முழுமையாக இழுத்தால் வயரை நசுக்காத இடம் போதும். ஒரு விஷயம் மட்டும்: இடதில் கிரிப்புக்கு அடியில் நேராக உலோகம் இருப்பதால் சூட்டின் ஒரு பங்கை ஹேண்டில்பார் உறிஞ்சிவிடும். வலதில் பிளாஸ்டிக் குழாய் தடுப்பாக இருக்கிறது. இதைச் சரிக்கட்டத்தான் சில செட்டுகளில் இரு பக்கமும் வெவ்வேறு ஓம் வைத்துச் சுற்றுகிறார்கள். உங்கள் இடது கிரிப் தளர்வாக ஏறுகிறது என்றால் ஹேண்டில்பாரின் மேல் ஒரு சுற்று ஹீட் ஷ்ரிங்க் குழாயை (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் உறை) சுருக்கிப் போட்டுக்கொள்ளுங்கள். வெப்பம் கையிலேயே நிற்கும்.

மின் இணைப்பு

கன்ட்ரோலரை இடது கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில், ஸ்பீடோமீட்டரை மறைக்காமல் வையுங்கள். கையுறை போட்டுக்கொண்டு பட்டனை அழுத்திப் பார்த்து இடத்தை முடிவு செய்வது நல்லது.

கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்குப் போகும் வயரை, கம்பெனி வயரிங் போகும் வழியிலேயே பெட்ரோல் டேங்குக்கு அடியில் கொண்டுபோங்கள். சில வண்டிகளில் டேங்கைக் கொஞ்சம் தூக்கினால் போதும். ஸ்டீயரிங் கழுத்தருகே மட்டும் தளர்வாக விட்டு, ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். எஞ்சின் சிலிண்டர், சைலன்சர் பைப், ரேடியேட்டர் பக்கம் வயர் போகவே கூடாது.

அடுத்து, மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது? பேட்டரியில் நேராக இணைத்தால் எளிது. ஆனால் ஆஃப் செய்ய மறந்து இறங்கிப் போனால், சின்ன பேட்டரி சில மணி நேரத்தில் காலி. வோல்ட் குறைந்தால் தானே அணைந்துவிடும் கன்ட்ரோலர்கள் உண்டு. உங்களுடையது அப்படியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாவி போட்டால் உயிர் வரும் ஏதோ ஒரு வயரில் சொருகிவிடுவது இன்னொரு குறுக்குவழி. இதை நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். அந்த வயரும் அதன் ஃபியூஸும் லேம்ப்புக்கோ இக்னிஷனுக்கோ அளவெடுத்தவை. கூடுதலாக 4 ஆம்பியர் போனால், இருட்டில் ஃபியூஸ் போய், கிரிப்போடு சேர்ந்து வெளிச்சமும் போகும்.

சரியான வழி ரிலே, அதாவது சின்ன மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச். அதன் கால்களில் எண் அச்சிட்டிருக்கும். பேட்டரி பிளஸிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் வயர் 30-க்கு. கன்ட்ரோலரின் பிளஸ் 87-க்கு. டெயில் லேம்ப்பின் பிளஸ் வயரிலிருந்து மெல்லிய கிளை ஒன்று 86-க்கு. 85 எர்த்துக்கு, அதாவது பேட்டரி மைனஸுக்கு. கன்ட்ரோலரின் மைனஸையும் நேராகப் பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோங்கள். பெயின்ட் அடித்த ஃபிரேமில் எர்த் தேடினால் சில மாதத்தில் துருப்பிடித்துத் தொல்லை தரும். ரிலேயின் மேல் விரலை வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினால் சின்னதாக ஒரு ‘டிக்’ தெரியும். சாவியை எடுத்தால் இன்னொரு ‘டிக்’. அவ்வளவுதான், இனி மறந்துபோய் ஆன் செய்து வைத்திருந்தாலும் பேட்டரி பத்திரம்.

ஃபியூஸ் பேட்டரி பிளஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது கிரிப்பை அல்ல, வயரை. நடுவில் வைத்தால் பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட வயருக்குக் காவல் இல்லை. செட்டோடு வந்த அளவையே போடுங்கள், பெரும்பாலும் 5 அல்லது 7.5 ஆம்பியர். அது அடிக்கடி போகிறது என்றால் பெரிய ஃபியூஸ் மருந்தல்ல, எங்கோ வயர் உரசுகிறது. வயர் நீட்ட வேண்டி வந்தால் 1 சதுர மி.மீ. தடிமன் போதும்.

இணைப்புகளுக்கு நல்ல குறடு வைத்து கிரிம்ப் செய்து (உலோக முனையை வயரின் மேல் நசுக்கிப் பிடிக்கவைத்து), மேலே ஹீட் ஷ்ரிங்க் போடுவது என் விருப்பம். ஈயப்பற்றும் நல்லதுதான், ஆனால் ஈயம் முடியும் இடத்தில் வயர் விறைத்து, அதிர்வில் அங்கேயே ஒடியும்; பற்றவைத்தால் அந்த இடத்தை அசையாமல் கட்டிவிடுங்கள். வயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளை மட்டும் வேண்டாம் என்று ஒதுக்குங்கள். அவை இழைகளை வெட்டும், மழைநீரும் உள்ளே போகும்.

வயரிங்குக்குப் பதிலாக கணினி வலைப்பின்னல் வழியாக விளக்குகளைக் கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளில் டெயில் லேம்ப் வயரைத் தொட்டால் டேஷ்போர்டில் பிழை காட்டலாம். அவற்றில் துணைக்கருவிகளுக்கென்றே கம்பெனி ஒரு சாக்கெட் விட்டிருக்கும், கையேட்டில் தேடுங்கள். வாரண்டி இருக்கும் வண்டி என்றால் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

எல்லாம் இணைத்ததும், பசை போடாத கிரிப்புகளுடன் பேட்டரியை மாட்டி ஒரு முறை ஆன் செய்து பாருங்கள். இரண்டும் சுடுகிறதா? சாவியை எடுத்ததும் கன்ட்ரோலரின் விளக்கு அணைகிறதா? அப்படியென்றால் இப்போது பசையை எடுக்கலாம்.

ஒட்டுதல்

வலது பக்கத்தை ஒட்ட, ஆக்ஸிலரேட்டர் குழாயை மறுபடி ஹேண்டில்பாரிலிருந்து உருவி எடுத்துவிடுங்கள். இரட்டை வேலையாகத் தோன்றும். ஆனால் குழாயை ஹேண்டில்பாரில் வைத்தபடியே ஒட்டினால், வழியும் பசை உள்ளே கசிந்து ஹேண்டில்பாரோடு குழாயையும் சேர்த்து ஒட்டிவிடலாம். திறந்த நிலையில் ஒட்டிக்கொள்ளும் ஆக்ஸிலரேட்டர் உயிருக்கே ஆபத்து. அந்தச் சாத்தியத்தையே இல்லாமல் செய்வது மேல்.

கிரிப்பின் உள்பக்கத்தையும் குழாயையும் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். செட்டோடு வரும் சூப்பர்குளூ வகைப் பசை சில நொடிகளில் பிடித்துவிடும். குழாயின் மேல் இரண்டு மெல்லிய கோடுகள், கிரிப்பின் வாயில் ஒரு வளையம். உடனே ஏற்றி, ஒரே மூச்சில் சற்று முறுக்கியபடி தள்ளி, மார்க்கர் கோடுகள் சேரும் இடத்தில் நிறுத்துங்கள். பாதியில் நின்றால் அங்கேயே நின்றுவிடும். கை நடுங்கும் என்று தோன்றினால் இரண்டு பாகம் கலக்கும் எப்பாக்ஸி வாங்கிக்கொள்ளுங்கள், திருத்த நேரம் கொடுக்கும். சாதாரண ரப்பர் பசை வேண்டாம். சூட்டில் இளகி, ஓட்டத்தின் நடுவே கிரிப் சுழலும்.

இடது கிரிப்பை நேராக ஹேண்டில்பாரிலேயே ஒட்டுங்கள். எந்தப் பசையானாலும் ஓர் இரவு விட்டுவிடுவது என் வழக்கம்.

ஓட்டுவதற்கு முன் ஒரு சோதனை, விட்டுக்கொடுக்கக் கூடாதது

கேபிள்களையும் ஹவுசிங்கையும் பார் எண்டுகளையும் மாட்டியாகிவிட்டது. எஞ்சின் ஆஃபில் இருக்கட்டும். ஹேண்டிலை நேராக வைத்து ஆக்ஸிலரேட்டரை முழுமையாகத் திறந்து கையை எடுங்கள். அது தானாகவே ‘டக்’ என்று மூட வேண்டும். இதையே ஹேண்டிலை இடது கோடியில் வைத்து ஒரு முறை, வலது கோடியில் வைத்து ஒரு முறை. சோம்பலாக மூடினாலும் ஓட்டாதீர்கள். பார் எண்டில் உரசுகிறதா, வயர் இழுக்கிறதா, ஹவுசிங் ஸ்குரூ அதிகம் இறுகிவிட்டதா என்று பாருங்கள். கேபிளின் தளர்வையும் கையேட்டில் சொன்னபடி வையுங்கள், பல வண்டிகளில் கிரிப் விளிம்பில் 2 முதல் 6 மி.மீ.

பிறகு எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு ஹேண்டிலை இரு கோடிக்கும் திருப்புங்கள். ஆர்பிஎம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. கிளட்ச், பிரேக், ஹாரன், இன்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாம் வேலை செய்கின்றனவா என்றும் பாருங்கள். ஹவுசிங்கைப் பிரித்து மாட்டும்போது உள்ளே ஒரு வயர் நசுங்குவது நடக்கக்கூடியதே.

கடைசியாக, கிரிப்பை முழுச் சூட்டில் வைத்து, பல்ப் வைத்துப் பார்த்த அதே வோல்ட் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

சூடு போதவில்லை என்று தோன்றினால்

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கிரிப் சூடாக்குவது உள்ளங்கையையும் விரல்களின் உட்புறத்தையும். காற்று அடிப்பதோ புறங்கையில். ஹேண்ட்கார்டு ஒன்று மாட்டிக் காற்றைத் தடுத்தால் அதே கிரிப் இரண்டு படி அதிகச் சூடு தருவதுபோலத் தோன்றும். கையுறையிலும் இதே கணக்குதான். உள்ளங்கைப் பக்கம் பஞ்சு வைத்துத் தைத்த குளிர்காலக் கையுறை, குளிரோடு சேர்த்துக் கிரிப்பின் சூட்டையும் தடுத்துவிடும். உள்ளங்கை மெல்லியதாகவும் புறங்கை தடித்ததாகவும் இருப்பதே பொருத்தம்.

எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகே கிரிப்பை ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட்டருக்குப் பேட்டரி முழுமையாகக் கிடைக்கட்டும். தொடக்கத்தில் முழுச் சூடு, கை சூடேறியதும் குறைத்துவிடலாம். நெடுந்தூரம் முழுச் சூட்டிலேயே மெல்லிய கையுறையுடன் பிடித்துக்கொண்டிருந்தால், வலி தெரியாத மிதமான சூடுகூட மெதுவாகத் தோலைப் புண்ணாக்கும். சர்க்கரை நோயால் விரல்களில் உணர்வு குறைந்தவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், அவர்களுக்குக் கை சுடுவது தாமதமாகத்தான் தெரியும்.

பிற்காலத்தில் பழுது வந்தால் பெரும்பாலும் வலது கிரிப்பின் வயர் வெளிவரும் அந்தப் புடைப்பருகே கம்பி ஒடிந்திருக்கும், தினமும் வளைந்து நிமிர்வது அது ஒன்றுதானே. ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்தால் கன்ட்ரோலரைச் சந்தேகிக்கும் முன் பிளக்கைக் கழற்றி அங்கே ஓம் பாருங்கள். செயின் ஆயில் விடும்போதெல்லாம் அந்த வளைவில் உறை வெடித்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்து, கேபிள் டை இறுகியிருந்தால் வெட்டிவிட்டுத் தளர்வாகப் புதிது கட்டுங்கள்.